வீடு கிட்டங்கி ஆன ஓராண்டு

கடந்த மார்ச் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, ஓராண்டாக ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருந்த, மொத்த விலைக் கடை ஒன்றின் 24 ரசீதுகளையும் தேதி வரிசையில் அடுக்கினேன். சூட்டில் எழுத்து விழும் வழவழப்பான தாள் ஆகையால் முதல் மூன்று மாத ரசீதுகள் ஏறத்தாழ வெள்ளைத்தாளாகவே ஆகிவிட்டிருந்தன. வாங்கி வந்த அன்றே தொகைகளைப் பின்பக்கம் பேனாவால் எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு இல்லாதிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வழியில்லை. ஒவ்வொரு ரசீதின் அடியிலும், பொருள்களின் பெயரைவிடப் பெரிய எழுத்தில், 'இன்று நீங்கள் சேமித்த தொகை' என்று ஓர் எண் இருந்தது. ஒரு நாள் 312 ரூபாய், இன்னொரு நாள் 640 ரூபாய். இருபத்து நான்கையும் கூட்டினால் 11,460 ரூபாய் வந்தது. இருமுறை கூட்டியும் மாறவில்லை. மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் நடத்துகிறவள் நான். கூட்டல் சரியாக இருந்தும் கணக்கு தப்பாக இருக்கலாம் என்று ஆண்டுதோறும் பிள்ளைகளிடம் சொல்கிறவள். ஆகவே அந்த 11,460 ரூபாய் எங்கே இருக்கிறது என்று தேடத் தொடங்கினேன். வங்கிப் புத்தகத்தில் இல்லை. நகைச் சீட்டில் கூடுதலாக ஒரு தவணையும் கட்டியிருக்கவில்லை. வீட்டுக் கணக்கு நோட்டைப் புரட்டினால், முந்தைய ஆண்டில் மாதத்துக்குச் சராசரியாக 5,200 ரூபாயாக இருந்த பலசரக்குச் செலவு 7,200 ரூபாயாக ஏறியிருந்தது. விலைவாசிக்கு என்று ஒரு பங்கைக் கழித்தாலும், பதினோராயிரத்துக்கு மேல் 'சேமித்த' ஒரு குடும்பம் எப்படி இருபதாயிரத்துக்கு மேல் கூடுதலாகச் செலவழித்திருக்க முடியும் என்பது அன்று இரவு தூக்கத்தைக் கெடுத்தது.

அந்தக் கடையின் உறுப்பினர் அட்டையை வாங்க வைத்தது மைனிதான், அதாவது என் மதினி. நாகர்கோவிலின் ஓரத்தில் அந்த மொத்த விலைக் கடை திறந்த புதிதிலேயே அவர் உறுப்பினராகிவிட்டார். ஆண்டுக் கட்டணம் 999 ரூபாய். உறுப்பினர் விலை தனி, நூறு ரூபாய்க்கு ஒரு புள்ளி, ஒரு புள்ளிக்கு ஒரு ரூபாய், சேர்ந்த அன்றே இரண்டு கிலோ சர்க்கரை இலவசம். "ஒரே மாசத்துல போட்ட காச எடுத்திரலாம் கேட்டியா" என்று மைனி சொன்னபோது எனக்கும் மறுப்பதற்குக் காரணம் தோன்றவில்லை. நாங்கள் வில்லுக்குறியில் இருக்கிறோம். போக 11, வர 11 கிலோமீட்டர். மாதத்துக்கு இரண்டு முறை காரில் போய் மொத்தமாக அள்ளிக்கொண்டு வந்தால் பெட்ரோலும் கட்டுப்படியாகும் என்று என் கணவர் கணக்கிட்டார். கைப்பேசி எண்ணைக் கேட்டார்கள், கொடுத்தோம். (பில் போடுவதற்குக் கைப்பேசி எண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே அறிவுறுத்தியிருந்தது. அட்டை வாங்குகிறவர்களுக்கோ அந்தக் கேள்வியே எழுவதில்லை; அட்டையே எண்தான்.) அப்படி எங்கள் வீட்டுக் கூடத்தின் ஓரமும், கட்டிலின் அடிப்பகுதியும், மகள் கல்லூரிக்குப் போனபின் காலியாகக் கிடந்த அவளுடைய அலமாரியும் மெல்ல மெல்லச் சரக்கு அடுக்கும் கிட்டங்கி ஆயின.

எதிலிருந்து சேமித்தது?

முதலில் எனக்கு உறுத்தியது, அந்தச் 'சேமித்த தொகை' எந்த விலையிலிருந்து கழித்து எழுதப்பட்டது என்பதுதான். ரசீதிலேயே விடை இருந்தது: அதிகபட்ச சில்லறை விலை என்று ஒரு பத்தி, நம் விலை என்று அடுத்த பத்தி, இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சேமிப்பு. நம் நாட்டில் பொட்டலத்தின்மேல் அச்சிடப்படும் எம்.ஆர்.பி. என்பது எல்லா வரிகளையும் உள்ளடக்கிய உச்சவரம்பு. அதற்குமேல் விற்கக் கூடாது என்பதுதான் சட்டம். அந்த விலைக்குத்தான் விற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கோட்டாறு கடைத்தெருவில் பலசரக்கு வாங்கிப் பழகிய எவரும் மாதச் சாமான் பட்டியலுக்கு எம்.ஆர்.பி. கொடுத்திருக்க மாட்டார்கள். எங்கள் ஊர் அண்ணாச்சி கடையில்கூட, பட்டியல் கொடுத்து எடுத்தால் சோப்புக்கு இரண்டு ரூபாய், எண்ணெய்க்கு எட்டு ரூபாய் என்று குறைத்துத்தான் எழுதுவார். அதை அவர் சேமிப்பு என்று சொல்வதில்லை, விலை என்றே சொல்கிறார். ஆக, நான் ஒருபோதும் கொடுத்திராத, கொடுக்கப்போவதும் இல்லாத ஒரு விலையிலிருந்து கழித்து, அந்த மீதியை எனக்கு வரவு வைத்துக்கொண்டிருந்தது அந்த ரசீது. மாணவி ஒருத்தி இப்படி ஒரு கணக்கைக் கொண்டுவந்திருந்தால் முட்டைதான் போட்டிருப்பேன்.

எம்.ஆர்.பி.யே இல்லாத பொருள்களில் இந்த வேடிக்கை இன்னும் கூடும். அண்ணாச்சி கடையில் நல்லமிளகு, மல்லி, வற்றல்மிளகாய், புளி எல்லாம் எடை போட்டு வாங்குகிறவை; அவற்றுக்கு அன்றன்றைய விலைதான். அதே மல்லியை அரைக் கிலோ உறையில் அடைத்து மேலே ஒரு விலையை அச்சிட்டவுடன், அதைக் குறைத்துத் தருவதற்கும் ஓர் இடம் பிறந்துவிடுகிறது. பொட்டலத்தில் ஒரு கிராமுக்கு அல்லது ஒரு மில்லிக்கு என்ன விலை என்பதையும் அச்சிட வேண்டும் என்று சில ஆண்டுகளுக்குமுன் விதியைத் திருத்தினார்கள். அச்சிடுகிறார்கள், கண்ணாடியைக் கழற்றிக் கண்ணருகே வைத்தால் தெரியும். அந்தச் சிற்றெழுத்தைப் படிக்கத் தொடங்கிய பிறகு, பெரிய பொட்டலம் என்றால் மலிவு என்று நான் பாடம் நடத்திவந்ததும் ஆட்டம் கண்டது. அண்ணாச்சி கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும் இரண்டு ரூபாய் ஷாம்பு பாக்கெட்டில் 5 மில்லி இருந்தது; மில்லி 40 பைசா. அதே ஷாம்புவின் 340 மில்லி புட்டி உறுப்பினர் விலையில் 245 ரூபாய். மில்லி 72 பைசா. ரசீது அந்தப் புட்டிக்கு 55 ரூபாய் சேமித்ததாகச் சொல்லியிருந்தது.

இந்த இடத்தில் என் சந்தேகத்துக்கு எதிரான ஒரு சான்றையும் சொல்லாவிட்டால் நேர்மை ஆகாது. பிரிட்டனில் டெஸ்கோ என்ற பெரிய கடைத்தொடர் 1995இல் கிளப்கார்டு என்ற புள்ளி அட்டையைக் கொண்டுவந்தது. இப்போது அங்கே பெரிய கடைகள் பலவற்றில் அட்டை உள்ளவருக்கு ஒரு விலை, இல்லாதவருக்கு வேறு விலை. வழக்கமான விலையைச் செயற்கையாக ஏற்றிவைத்துவிட்டுத்தான் குறைக்கிறார்களோ என்ற ஐயம் அங்கும் எழுந்து, அந்நாட்டின் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் ஏறத்தாழ 50,000 பொருள்களின் விலைகளை ஆராய்ந்தது. 2024 நவம்பரில் வெளியான முடிவின்படி, அவற்றில் 92 சதவீதப் பொருள்களில் வழக்கமான விலையோடு ஒப்பிடும்போது சேமிப்பு உண்மையானதுதான். அதே ஆணையம், உறுப்பினர் விலைதான் ஊரிலேயே குறைந்த விலை என்று எண்ணிவிட வேண்டாம், வேறு கடைகளிலும் பாருங்கள் என்றும் சேர்த்துச் சொன்னது. அங்கே ஒப்பிட்டது அந்தக் கடையே வழக்கமாக விற்றுவந்த விலையோடு. என் ரசீது ஒப்பிட்டதோ யாரும் விற்காத விலையோடு. இந்த வேறுபாடு முக்கியமானது. ஆனாலும் அட்டைகள் எல்லாமே ஏமாற்று என்று சொல்லிவிட்டுக் கணக்கை மூடிவிட முடியாது என்பது அன்றே புரிந்தது.

தம்பியின் டெக்சாஸ் கணக்கு

அதைவிடப் பெரிய எதிர்ச்சான்று என் தம்பி. டெக்சாஸில் இருக்கும் அவன் பத்தாண்டுகளுக்கும் மேலாக காஸ்ட்கோ என்ற மொத்த விலைக் கடையின் உறுப்பினன். வாரக்கடைசிப் பேச்சில் என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "அக்கா, எனக்கு பெட்ரோல்லயே அட்டைக்காசு வந்திரும்" என்றான். அவன் சொன்னதைச் சரிபார்ப்பதற்காகவே அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையை உட்கார்ந்து படித்தேன். படித்தபின் அவன்மேல் குறை காண முடியவில்லை. 1976இல் சான் டியேகோவில் பழைய விமானக் கொட்டகை ஒன்றில் பிரைஸ் கிளப் என்ற பெயரில் தொடங்கிய யோசனை இது. சியாட்டிலில் 1983இல் பிறந்த காஸ்ட்கோவும் அதுவும் 1993இல் ஒன்றாயின. வழக்கமான பெரிய கடையில் பல்லாயிரம் வகைப் பொருள்கள் இருக்கும் இடத்தில் இவர்கள் ஏறத்தாழ 4,000 வகைகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அடக்க விலைக்குமேல் ஏற்றுவது பொதுவாக 14 சதவீதத்தையும், சொந்தப் பெயரில் விற்பவற்றில் 15 சதவீதத்தையும் தாண்டாது என்பது அவர்கள் நெடுங்காலமாகப் பிடித்துக்கொண்டிருக்கும் வரம்பு. அப்படியானால் லாபம் எங்கே? உறுப்பினர் கட்டணத்தில். 2024 நிதியாண்டில் கட்டணமாக மட்டும் ஏறத்தாழ 483 கோடி டாலர் வந்திருக்கிறது. அவ்வாண்டின் நிகர லாபம் ஏறத்தாழ 737 கோடி டாலர். கட்டணம் கட்டியவர் அடுத்த ஆண்டும் கட்ட வேண்டும் என்பதே அந்த வியாபாரத்தின் உயிர்நாடி என்பதால், விலையைக் குறைவாக வைத்திருப்பது அவர்களுக்குத் தருமம் அல்ல, பிழைப்பு. பத்தில் ஒன்பது பேர் புதுப்பிக்கிறார்கள். பிடிக்கவில்லை என்றால் கட்டிய கட்டணத்தை முழுதாகத் திருப்பித் தருகிறார்கள்.

2024 செப்டம்பர் 1 முதல் அங்கே சாதாரண அட்டைக்கு 65 டாலர். உயர் அட்டைக்கு 130 டாலர், அதில் வாங்கியதற்கு 2 சதவீதம் திரும்ப வரும். கூடுதலாகக் கொடுக்கும் 65 டாலரை அந்த 2 சதவீதத்தில் திரும்ப எடுக்க ஆண்டுக்கு 3,250 டாலருக்கு வாங்க வேண்டும். ஐந்து பேர் கொண்ட தம்பி வீட்டில் அது சாதாரணம். ஆனால் பேச்சுவாக்கில் அவன் சொன்ன இன்னொன்றுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது: கார் நிறுத்தும் கொட்டகைக்குள் தனியாக ஓர் உறைபெட்டி வைத்திருக்கிறான், அது நிரம்பாமல் இருந்தால் அவன் மனைவிக்கு வீடு வெறிச்சென்று தோன்றுமாம். அந்தக் கொட்டகையின் அளவு எங்கள் வீட்டுக் கூடத்தைவிடப் பெரியது.

இந்தியாவில் மொத்த விலைக் கடைக்கு அட்டை வந்த வழியே வேறு. மெட்ரோ என்ற அயல்நாட்டு நிறுவனம் 2003இல் பெங்களூருவில் முதல் கடையைத் திறந்தபோது அதன் அட்டை வீடுகளுக்கானதே அல்ல; கடைக்காரர், உணவகக்காரர் என்று வணிகப் பதிவு உள்ளவருக்குத்தான் கிடைக்கும். அயல்நாட்டு நிறுவனங்களை மொத்த விற்பனைக்கு அனுமதித்த அரசு, பல பொருள் சில்லறை விற்பனைக்கு அனுமதிக்காததே அதன் காரணம். 2012இல் அயல்நாட்டு முதலீட்டுக்கு 51 சதவீதம் வரை கதவைத் திறந்தபோதும் தமிழ்நாடு அதை ஏற்கவில்லை. அந்த அட்டை வாசலில் நிற்கும் காவலாளியைப் போல, உள்ளே வருகிறவர் வியாபாரிதானா என்று பார்ப்பதற்காக இருந்தது. எதிர்ப்புறத்தில், டிமார்ட் போன்றவை உறுப்பினர் கட்டணமே இல்லாமல் எம்.ஆர்.பி.க்குக் கீழே விற்று வளர்ந்தன. நான் வாங்கிய அட்டையோ காஸ்ட்கோவிடமிருந்து கட்டணத்தையும், டெஸ்கோவிடமிருந்து புள்ளியையும், மெட்ரோவிடமிருந்து மூடை அளவையும் எடுத்துக்கொண்டு, லாபத்தை விலையிலும் கட்டணத்திலுமாக இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டது.

அண்ணாச்சியின் அட்டை

ரசீதில் உள்ள எம்.ஆர்.பி. ஒப்பீடு உதவாது என்று ஆனபின், வேறொரு விலைப்பட்டியல் எனக்குத் தேவைப்பட்டது: அதே ஓராண்டில், அதே பொருள்களை, வழக்கமான இடத்தில் நான் வாங்கியிருந்தால் என்ன கொடுத்திருப்பேன்? அண்ணாச்சியிடம்தான் கேட்க வேண்டும். கேட்பதற்கு வெட்கமாக இருந்தது. பதினெட்டு ஆண்டு பற்று வைத்து வாங்கிய கடை. அட்டை வாங்கிய பிறகு அங்கே போவது அவசரத்துக்குக் கால் கிலோ தக்காளி, பாதி மூடித் தேங்காய் என்று சுருங்கிவிட்டிருந்தது. மாலையில் கூட்டம் குறைந்தபின் போய், நாற்பது பொருள்கள் எழுதிய தாளை நீட்டி, சென்ற ஆண்டு விலைகளைச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். அவர் காரணம் கேட்கவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து மற்றவர்களின் பற்று நோட்டுகளை எடுத்து, பக்கத்து வீட்டுப் பெயர்களை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, மாதவாரியாக விலைகளை வாசித்தார். நான் எழுதிக்கொண்டேன். அந்த நோட்டும் ஒரு வகையில் வாடிக்கையாளரைப் பற்றிய தகவல் திரட்டுதான். எங்கள் வீட்டில் யாருக்குச் சர்க்கரை நோய், எந்த மாதம் கை இறுக்கம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் எங்களைப் பற்றி அவர் எழுதியதன் பிரதி எங்கள் கையில் இருந்தது; மாதக் கடைசியில் இருவரும் ஒரே பக்கத்தைப் பார்த்துத்தான் கணக்கு முடிப்போம்.

எழுதி முடித்தபோது, அந்த நோட்டுகளின் அடியிலிருந்து ஓர் அட்டை நழுவிக் கீழே விழுந்தது. என் பையில் இருக்கும் அதே கடை, அதே சின்னம், நிறம் மட்டும் வேறு. எடுத்துக் கொடுத்தேன். அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. வணிகர் அட்டை; ஜி.எஸ்.டி. எண் உள்ளவருக்குக் கட்டணமே கிடையாதாம். வாரம் ஒரு நாள் லோடு ஆட்டோவில் போய், சோப்பு, சலவைத்தூள், எண்ணெய், பருப்பில் ஒரு பகுதி எல்லாம் அங்கிருந்துதான் எடுத்து வருகிறார். அப்படியானால் நான் 22 கிலோமீட்டர் போய் வந்து வாங்கிய பொருளும், பின்தெருவில் ஐந்து நிமிடம் நடந்து வாங்கியிருக்கக்கூடிய பொருளும் ஒரே அடுக்கிலிருந்து வந்தவை. என் முகம் மாறியதைப் பார்த்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே, "டீச்சர், நான் எடுத்துட்டு வாற மூடை பத்து நாளுக்குள்ள கடைய விட்டுப் போயிரும். ஒங்க வீட்டுல எறக்குன மூடை எப்ப போவும்?" என்று கேட்டார்.

நான் பன்னிரண்டாம் வகுப்பில் சரக்குச் சுழற்சி என்று நடத்துவது இதைத்தான். சரக்கு எத்தனை முறை உள்ளே வந்து வெளியே போகிறது என்பதில் இருக்கிறது வியாபாரியின் லாபம். மூடையைப் பிரிப்பது, அடுக்குவது, வண்டுக்கும் எலிக்கும் காவல் இருப்பது, முடங்கிய பணத்துக்கு வட்டி போவது எல்லாம் அதற்கான செலவு. அண்ணாச்சி ஐம்பது கிலோவைப் பிரித்து நூறு கிராமாக முந்நூறு வீடுகளுக்கு விற்கிறார். மொத்த விலைக் கடை என்னிடம் குறைவாக வாங்கிக்கொண்டது உண்மைதான்; அந்தக் குறைவுக்கு ஈடாக அவர் செய்துவந்த வேலைகளை எல்லாம் என் தலையில் ஏற்றிவிட்டது. வண்டி என்னுடையது, கிட்டங்கி என்னுடையது, முடங்கிய பணமும் கெட்டுப்போன சரக்கும் என்னுடையவை. சுழற்சி மட்டும் இல்லை. இருவர் மட்டும் இருக்கும் வீட்டில் ஐந்து கிலோ மாவு எங்கே சுழலும்?

அதுவும் நம் மாவட்டத்தில். ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அது ஓய்ந்து வேட்டி உலர்வதற்குள் அக்டோபரில் வடகிழக்கு. இரண்டு மழையும் பெறும் இந்த மண்ணில் உப்பு தானாகவே கரைகிறது. ஆகஸ்டு மாதம் மாவுப் பையைத் திறந்தால் எங்களுக்குமுன்பே வண்டுகள் உறுப்பினர்களாகிவிட்டிருந்தன. முந்திரிப் பருப்பின் கதை இன்னும் கேவலம். தடுக்கி விழுந்தால் முந்திரி உடைக்கும் அண்டி ஆபீஸ் இருக்கும் மாவட்டத்தில் இருந்துகொண்டு, அட்டை விலையில் மலிவு என்று அரைக் கிலோ உறையை நாகர்கோவிலில் வாங்கி, காறல் வாடை அடித்துத் தூக்கிப் போட்டவள் நான். அதை உறவினர் யாரிடமும் இதுவரை சொல்லவில்லை.

266 ரூபாய்

அன்றிரவு போட்ட கணக்கு இது. ஓராண்டில் அட்டையில் வாங்கியது 86,400 ரூபாய்க்கு. அதில் நாங்கள் வழக்கமாக வாங்கும் பொருள்கள் 64,000 ரூபாய்க்கு. அவற்றை அண்ணாச்சியிடம் வாங்கியிருந்தால் 3,900 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருப்பேன். ஏறக்குறைய ஆறு சதவீதம். இது உண்மையான சேமிப்பு. இதை நான் மறுக்கவில்லை. இதன்படி பார்த்தால் 999 ரூபாய்க் கட்டணத்தை எடுக்க 16,650 ரூபாய்க்கு வாங்கினால் போதும். மூன்றே கால் மாதம். எல்லாரும் கேட்கும் 'கட்டணம் கட்டுப்படியாகுமா' என்ற கேள்விக்கு, ஆகும் என்பதுதான் விடை. கட்டணம் செய்யும் வேலை வேறு இடத்தில் இருக்கிறது. காசைக் கட்டியாகிவிட்டது, அதை எடுக்க வேண்டும் என்ற எண்ணமே மாதம் இரண்டு முறை எங்களைக் காரில் ஏற்றியது. மழை பெய்தாலும் ஏற்றியது.

புள்ளிகள் 852 சேர்ந்தன. 500 சேர்ந்தால்தான் பணமாக மாற்றலாம் என்பது விதி, மாற்றினேன். மீதி 352 அடுத்த ஐந்நூறை எட்டாமலே மார்ச் 31இல் காலாவதி ஆயின. இந்தப் புள்ளிகளுக்கு ஒரு கௌரவமான முன்னோர் உண்டு என்பதைப் பதினோராம் வகுப்பில் கூட்டுறவு நடத்தும்போது சொல்வேன்: 1844 டிசம்பரில் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் நெசவாளர்களும் பிற தொழிலாளர்களும் ஆளுக்கு ஒரு பவுண்டு பங்கு போட்டுத் திறந்த கடையில், லாபத்தை அவரவர் வாங்கிய அளவுக்கு ஏற்பப் பிரித்துக் கொடுத்தார்கள். 1904இல் தொடங்கிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் அந்த வழியில் வந்ததுதான். அங்கே உறுப்பினர் என்றால் கடையின் சொந்தக்காரர், புள்ளி என்றால் தன் லாபத்தில் தன் பங்கு. என் 352 புள்ளிகள் யாருடைய லாபத்தில் போய்ச் சேர்ந்தன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

3,900உடன் புள்ளி 500 சேர்த்தால் 4,400. கட்டணம் 999 போக 3,401. அடுத்து பெட்ரோல்: 24 பயணம், 528 கிலோமீட்டர், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றால் 35 லிட்டருக்குக் கொஞ்சம் கூட, 3,590 ரூபாய். ஆனால் பாதிப் பயணங்களில் மருத்துவமனை, துணிக்கடை, கல்யாண வீடு என்று வேறு வேலையும் இருந்ததால், கணவரின் வாதத்தை ஏற்றுப் பாதியை மட்டும் கழித்தேன்: 1,795. மீதி 1,606. கெட்டுப்போய்க் கொட்டியவை: மாவு 240, ரவை 150, மகளின் விடுமுறைக்கு என்று வாங்கி அவள் வராததால் பூசணம் பூத்த பாலாடைக்கட்டி 450, முந்திரி 500. ஆக 1,340. அதையும் கழித்தால் எங்கள் ஓராண்டுச் சேமிப்பு 266 ரூபாய். ரசீதுகள் சொன்ன 11,460க்கும் இதற்கும் நடுவில் உள்ள தூரத்தைத்தான் நான் ஓராண்டாகக் கார் ஓட்டிக் கடந்திருக்கிறேன்.

மீதி 22,400 ரூபாயை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை. அவை எங்கள் பழைய பட்டியலில் இல்லாத பொருள்கள்: மூன்று வகைச் சோள அவல், ஆறு கண்ணாடிச் சாடிகள், ஒன்று வாங்கினால் ஒன்று இலவசமாக வந்த தரை துடைப்பான், இப்போதும் பிரிக்காத வாட்டும் அடுப்பு ஒன்று. சாடிகள் பயன்படுகின்றன. வீண் என்று முழுதாக எழுதவும் மனமில்லை, தேவை என்று எழுதவும் வாய் வரவில்லை. இவற்றுக்கும் சேர்த்துத்தான் அந்த ரசீதுகள் சேமிப்பு எழுதின. இடையில் எழுந்த ஓர் எண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன். ரசீதுகளைத் தேடிய அதே இழுப்பறையில் குடும்ப அட்டையும் கிடந்தது. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் தரும் அந்த அட்டையை, வரிசையில் நிற்க அலுத்து, இரண்டு மாதமாக நான் எடுக்கவே இல்லை.

இதை எல்லாம் மைனியிடம் கொண்டுபோய்க் காட்டியபோது அவர் கொஞ்சமும் அசரவில்லை. வடசேரியில் அவர் வீட்டிலிருந்து அந்தக் கடைக்கு நடந்தே போகலாம். விடுதிப் பெண்கள் முப்பது பேருக்கு மத்தியானச் சாப்பாடு செய்து கொடுக்கிறார். மாதம் இருபத்திரண்டாயிரத்துக்கு வாங்குகிறார், அரிசி மூடை ஒரு வாரம் தாங்குவதில்லை. என் ஆறு சதவீதத்தையே அவருக்குப் போட்டாலும் மாதம் 1,320 ரூபாய். முதல் மாதமே கட்டணம் வந்துவிட்டது. "எனக்குக் கணக்கு சரியாத்தான இருக்கு. ஒனக்கு ஒத்து வராதுன்னு நான் கண்டனா?" என்றார். அவர் கையில் இருக்கும் அட்டை பெயரளவில்தான் வீட்டு அட்டை. வேலையைப் பார்த்தால் அண்ணாச்சியின் அட்டைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டியது. ஒரு மாதக் கணக்கை என்னிடம் அவர் பொய்யாகச் சொல்லவில்லை. தன் வீட்டுக் கணக்கைச் சொன்னார், நான் அதை என் வீட்டில் கொண்டுவந்து இறக்கினேன்.

ஏப்ரல் முதல் வாரம் புதுப்பிக்கச் சொல்லி மூன்று குறுஞ்செய்திகள் வந்தன. நான்காவதில் கட்டணம் 799 ரூபாயாகக் குறைந்தது. புதுப்பிக்கவில்லை. பழைய பற்று நோட்டின் அடுத்த பக்கத்தில் அண்ணாச்சி தேதி போட்டுத் தொடங்கினார். இடையில் இருந்த ஓராண்டைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. கெட்டுப்போகாதவை, அதாவது சலவைத்தூள், பாத்திரம் துலக்கும் சோப்பு, தரை கழுவும் திரவம் இவை மட்டும் மைனியின் அட்டையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. சென்ற மாதம் பள்ளி விட்டதும் நாகர்கோவில் போய், அவர் வாங்கி வைத்திருந்த பையைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறினேன். பெண்களுக்குக் கட்டணம் இல்லாத பஸ். எனக்குப் பணமில்லாத சீட்டைக் கிழித்துக் கொடுத்த நடத்துநர், பையின் கனத்தைக் காலால் தள்ளிப் பார்த்துவிட்டு, சுமைக்குப் பத்து ரூபாய் என்றார். கொடுத்தேன். அந்தச் சீட்டையும் பிஸ்கட் டப்பாவில் போட்டிருக்கிறேன்.